யார் ஜாடை? இனம் கடந்து தத்துப் போனவர்களைப் பற்றி ஓர் அறிமுகம்

குழந்தை பார்க்க வருகிறவர்கள் தொட்டிலை எட்டிப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "யார் ஜாடை?" நெற்றி தாத்தாவுடையது, மூக்கு அப்பாவுடையது, கால் விரல் அப்படியே அத்தை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பிள்ளை வளர வளர இந்தப் பேச்சும் கூடவே வளரும். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால், "இவங்க அப்பத்தாவேதான்" என்பார்கள். ஏதோ பொழுதுபோகாத பேச்சு என்றுதான் இதை நினைக்கிறோம். ஆனால் நீ இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள், உன் முகம் திடீரென்று முளைத்ததல்ல என்று ஒரு குழந்தைக்குத் தினமும் சொல்லிக்கொண்டே இருப்பது அந்தப் பேச்சுதான்.

அந்தப் பேச்சே எழ முடியாத ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு சிறிய ஊர். அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் வெள்ளையர்கள். கொரியாவில் பிறந்து, ஆறு மாதத்தில் விமானம் ஏறி வந்த எட்டு வயதுப் பெண் ஒருத்தி அந்த வீட்டில் இருக்கிறாள். பாசத்துக்குக் குறைவில்லை. பள்ளியில், வீட்டுப் பெரியவர்களில் யாருடைய கண் உனக்கு வந்திருக்கிறது என்று எழுதி வரச் சொல்கிறார்கள். அவள் பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா பக்கத்தில் வந்து, "என் கண் என்று எழுதிக்கொள், செல்லம்" என்கிறார். அம்மாவின் கண் நீலம். தான் வெள்ளைக்காரப் பிள்ளை என்றே நினைத்து வளர்ந்து, குளியலறைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் திடுக்கிட்டதாகச் சொல்பவர்கள் இப்படி வளர்ந்தவர்களில் பலர்.

ஒரு இனத்தில் பிறந்த குழந்தையை வேறொரு இனத்தவர் தத்தெடுத்து வளர்ப்பதைத்தான் இனம் கடந்த தத்து என்கிறோம். நடைமுறையில் இது பெரும்பாலும் ஒரே திசையில்தான் நடந்திருக்கிறது. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க, பூர்வகுடிக் குழந்தைகள் வெள்ளையர் வீடுகளுக்குப் போனார்கள். எதிர்த் திசையில் போன குழந்தைகள் மிகவும் குறைவு. இந்த ஒருவழிப் பாதையை மனதில் வைத்துக்கொண்டால், இனி சொல்லப்போவது எளிதாகப் புரியும்.

நம் வழக்கத்திலும் தத்து உண்டு. ஆனால் அது பெரும்பாலும் பங்காளி வீட்டுப் பிள்ளையோ அக்காள் பிள்ளையோதான். வீடு மாறினாலும் ஜாடை மாறாது, பெற்ற தாய் தெரு தள்ளி இருப்பார். இங்கே பேசும் தத்து அதிலிருந்து வெகுதூரம். அப்புறம் ஒரு சொல் பற்றி. தமிழில் தத்துப்பிள்ளை என்ற சொல்தான் புழக்கத்தில் இருக்கிறது. ஐம்பத்தைந்து வயதில் பேரன் எடுத்தவரையும் அது பிள்ளையாகவே வைத்திருக்கிறது. அதனால், ‘அவர் சித்தப்பா வீட்டுக்குத் தத்துப் போனவர்’ என்று நாம் சொல்வது போல, தத்துப் போனவர்கள் என்றே எழுதுகிறேன். போனவர்கள் என்கிறேனே தவிர, யாரும் தாமாகப் போகவில்லை.

விமானம் ஏறிய குழந்தைகள்

இதன் வரலாற்றைப் புரிந்துகொள்ளக் கொரியா ஒன்றே போதும். 1950 முதல் 1953 வரை நடந்த போருக்குப் பிறகு, அமெரிக்கப் படைவீரர்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகளை அந்தச் சமூகம் ஏற்கத் தயங்கியது. 1955இல் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி, பெர்த்தா ஹோல்ட் தம்பதி எட்டுக் கொரியக் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். அதற்காக அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. அடுத்த ஆண்டே அவர்கள் பெயரில் தத்து நிறுவனம் ஒன்று உருவானது. பெற்றோர் கொரியாவுக்குப் போகாமலே, பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே, பதிலாள் கையெழுத்தில் தத்தெடுக்கலாம் என்ற வழியும் அப்போது இருந்தது.

போரின் காயம் ஆறிய பிறகு இது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. நாடு பணக்கார நாடாக வளர வளர எண்ணிக்கை கூடியது. வறுமையில் இருந்த குடும்பங்களின் குழந்தைகள், திருமணம் ஆகாத தாய்மார்களின் குழந்தைகள் என்று வரிசை நீண்டது. 1985இல் மட்டும் 8,800க்கும் மேற்பட்ட குழந்தைகள் அனுப்பப்பட்டார்கள். மொத்தம் ஏறக்குறைய 2 லட்சம் பேர். பாதிக்கு மேல் அமெரிக்காவுக்கு, மற்றவர்களில் பெரும்பாலோர் சுவீடன், டென்மார்க், பிரான்ஸ், நெதர்லாந்து என்று ஐரோப்பாவெங்கும்.

இதில் என்னை விட்டுப் போகாத ஒன்று, அந்தக் குழந்தைகளுக்குப் போடப்பட்ட காகிதம். கொரியாவில் அப்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குடும்பப் பதிவேடு இருந்தது. வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் குழந்தை அநாதை என்று காட்ட வேண்டும். அதற்காக அநாதைப் பதிவேடு என்று ஒன்றைத் திறந்தார்கள். அப்பா பெயர் இல்லை, அம்மா பெயர் இல்லை. அந்தக் குடும்பத்தில் ஒரே ஓர் ஆள், அதன் தலைவர், அந்தக் கைக்குழந்தை. பெற்றோர் உயிரோடு இருந்த பல குழந்தைகளுக்கும் இப்படித்தான் எழுதினார்கள். போக இருந்த குழந்தை இறந்துபோனாலோ, பெற்றவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போனாலோ, அதன் பெயரிலும் காகிதத்திலும் வேறொரு குழந்தையை அனுப்பியதும் நடந்தது. 2025 மார்ச்சில் தென்கொரியாவின் உண்மை, நல்லிணக்க ஆணையம், அரசு மனித உரிமைகளை மீறியது என்று அறிவித்தது. 11 நாடுகளிலிருந்து வந்த 367 புகார்களை எடுத்துக்கொண்டு, முதல் கட்டமாக 56 பேரைப் பாதிக்கப்பட்டவர்கள் என ஏற்றது. அந்த ஆண்டு அக்டோபரில் அதிபர் லீ ஜே மியுங் மன்னிப்புக் கேட்டார். முதலில் போன குழந்தைகளுக்கு அப்போது எழுபது வயதை ஒட்டியிருக்கும்.

கொரியாவைத் தொடர்ந்து வியட்நாம், கொலம்பியா, எத்தியோப்பியா, சீனா என்று பட்டியல் நீளும். சீனா 1992 முதல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அனுப்பிவிட்டு, 2024இல் உறவினர் தத்தைத் தவிர மற்றதை நிறுத்தியது.

கடல் தாண்டாத கதையும் உண்டு. அமெரிக்காவிலேயே பூர்வகுடிக் குழந்தைகளை எடுத்து வெள்ளையர் வீடுகளில் வைப்பதை அரசே 1958 முதல் 1967 வரை ஒரு திட்டமாக நடத்தியது. அதன் விளைவாக வந்த எதிர்ப்புதான் 1978இல், பூர்வகுடிக் குழந்தைக்கு முதலில் சொந்தக்காரர்களிடமும் சொந்தக் குடியிடமும் இடம் தேட வேண்டும் என்ற சட்டமாக மாறியது. கறுப்பினச் சமூகப் பணியாளர்களின் தேசியச் சங்கம் 1972இல், கறுப்பினக் குழந்தைகளை வெள்ளையர் வீடுகளில் வைப்பதை வன்மையாக எதிர்த்து அறிக்கை விட்டது. பிறகு 1994இலும் 1996இலும் வந்த சட்டங்கள், இனத்தைக் காரணம் காட்டித் தத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்றன. இந்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. குழந்தை விடுதியில் காத்துக் கிடப்பதைவிட ஒரு வீடு நல்லது என்பது உண்மைதான். ஆனால் அந்த வீட்டுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வியை அந்த உண்மை மூடிவிடக் கூடாது என்றே நான் நினைக்கிறேன்.

நிறமே தெரியாத அன்பு

நீண்ட காலம் இந்தப் பெற்றோர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை, "உங்கள் பிள்ளை போலவே வளர்த்துவிடுங்கள், வேற்றுமை காட்டாதீர்கள்" என்பதுதான். அவர்களும் நல்ல மனதோடு, "எங்கள் கண்ணுக்கு உன் நிறமே தெரியாது" என்று சொல்லி வளர்த்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாசல்படி தாண்டினால் ஊருக்கு முதலில் தெரிவதே அந்த நிறம்தான். பள்ளிப் பேருந்தில் எவனோ கண்ணை இழுத்துக் காட்டிக் கேலி செய்கிறான். குழந்தை வீட்டுக்கு வந்து யாரிடம் சொல்லும்? நிறமே தெரியாது என்று சொன்னவர்களிடம் நிறத்தால் பட்ட அடியை எப்படிச் சொல்வது? சொன்னாலும், "அவன் சும்மா விளையாட்டுக்குச் செய்திருப்பான்" என்று முடிந்துவிடும். அப்புறம் அது சொல்வதை நிறுத்திவிடும்.

மின்னசோட்டா பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் லீ 2003இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் சொன்னால், இனம் கடந்த தத்தின் முரண்பாடு. வீட்டுக்குள் இருக்கும்வரை இந்தக் குழந்தை வெள்ளையர் குடும்பத்துக்குக் கிடைக்கும் மரியாதையோடும் வசதியோடும் வளர்கிறது. பெயரும் அவர்கள் பெயர், பேச்சும் அவர்கள் பேச்சு. கல்லூரிக்கோ வேலைக்கோ தனியாகப் போனதும், சமூகம் அதைச் சிறுபான்மை இனத்தவராகவே நடத்துகிறது. அதற்கான எந்தத் தயாரிப்பும் அதனிடம் இல்லை.

தயாரிப்பு என்றால் என்ன என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களில் பையனுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகும்போது பெற்றோர் உட்காரவைத்து ஒரு பேச்சுப் பேசுவார்கள். போலீஸ் வண்டியை நிறுத்தினால் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் தெரிகிற மாதிரி வை. சட்டைப் பைக்குள் கை விடாதே. குரலை உயர்த்தாதே. தலைமுறை தலைமுறையாக உயிர் பிழைத்ததில் கற்ற பாடம் இது. வெள்ளைக்கார அப்பாவுக்கு அந்தப் பாடம் தெரியாது, அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை. 2020இல் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் கொல்லப்பட்டபோதும், 2021 மார்ச்சில் அட்லாண்டாவில் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டு அவர்களில் ஆறு பேர் ஆசியப் பெண்களாக இருந்தபோதும், தத்துப் போன பலர் தங்கள் குடும்பத்தாரிடம் இதைப் பற்றிப் பேசவே முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். பாசம் இல்லாததால் அல்ல, பொதுவான பாஷை இல்லாததால்.

தலைமுடி சின்ன விஷயமாகத் தோன்றும். கறுப்பினப் பெண்பிள்ளையின் சுருள்முடியைத் தினமும் ஷாம்பூ போட்டுக் கழுவினால் அது உலர்ந்து ஒடிந்துவிடும். எண்ணெயோ கிரீமோ வேண்டும். ஈரமாக இருக்கும்போதே, அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். பாகம் பிரித்துப் பின்னி முடிக்கச் சில மணி நேரம் ஆகும். இரவில் வழுவழுப்பான துணியால் கட்டிப் படுக்க வேண்டும். நம் பாட்டிமார் கால்களுக்கு நடுவில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துப் பின்னிவிட்டதை நினைத்துக்கொண்டால், அந்த மணி நேரத்தில் முடியோடு சேர்த்து வேறென்ன கிடைக்கிறது என்பது நமக்குப் புரியும். ஊர்க் கதை, உறவுக் கதை, வெளியே எப்படி நடந்துகொள்வது என்ற பாடம் எல்லாம் அங்கேதான். தெரியாத அம்மா சிக்கெடுக்க முடியாமல் முடியை ஒட்ட வெட்டிவிடுகிறார். தெரிந்துகொள்ள விரும்பும் அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கறுப்பினப் பெண்கள் நடத்தும் முடி அலங்காரக் கடைக்குப் போகிறார். அங்கே, அந்தக் கடையில், தான் மட்டும் வித்தியாசமாக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று முதல்முறை உணர்கிறார். தன் மகள் தினமும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

அதிர்ஷ்டம் என்ற சொல்

தத்துப் போனவர்கள் வாழ்நாள் முழுவதும் கேட்பது, "நீ அதிர்ஷ்டசாலி." சொல்பவர்கள் நல்லதாகத்தான் நினைத்துச் சொல்கிறார்கள். கேட்பவருக்கு அது வாயை அடைக்கிறது. அதிர்ஷ்டசாலி அழக் கூடாது. பெற்ற அம்மாவைப் பற்றிக் கேட்டால் வளர்த்த அம்மாவுக்கு நன்றி கெட்டவள் ஆகிவிடுவாள். இப்படி அடக்கி வைத்த துக்கத்துக்குச் சடங்கும் கிடையாது, துட்டி கேட்க ஆளும் வராது. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இத்தகையதைத் தெளிவில்லாத இழப்பு என்று அழைத்தார். இறந்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது, இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. எங்கோ ஒரு தாய், தெரிந்தால்தானே அழுது தீர்க்க?

பிறந்தநாளை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு விடுதியில் உடலைப் பார்த்து உத்தேசமாக ஒரு தேதி எழுதியிருப்பார்கள். மெழுகுவர்த்தி ஊதும் நாள் உண்மையான நாளா என்று தெரியாது. உண்மை என்றால் அது ஒருத்தி தன்னைப் பிரிந்ததன் தொடக்கம். வீடே கொண்டாடும் நாளில் காரணம் தெரியாமல் எரிந்து விழும் பிள்ளைகள் உண்டு. மருத்துவமனைப் படிவத்தில் ‘குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை, இதயநோய் உண்டா’ என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் ‘தெரியாது’ என்று எழுத வேண்டும்.

இது மனதை எவ்வளவு அழுத்தும் என்பதற்குச் சுவீடனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று சாட்சி. 2002இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. வெளிநாட்டிலிருந்து தத்து வந்தவர்களிடையே தற்கொலை, அங்கே பிறந்தவர்களோடு ஒப்பிட்டால், மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. பெரும்பாலானவர்கள் இப்படிப்பட்ட நிலைக்குப் போகாமல் நன்றாகவே வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லோரும் உடைந்தவர்கள் அல்ல. ஆனால் எல்லோரும் அதிர்ஷ்டசாலிகள் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தபோது இந்த எண்ணிக்கையும் கூடவே இருந்தது.

முப்பதிலோ நாற்பதிலோ, பெரும்பாலும் தனக்கு ஒரு குழந்தை பிறக்கும்போது, இந்த அதிர்ஷ்டக் கதை ஒருநாள் கலைகிறது. தத்துப் போனவர்கள் தங்களுக்குள் இதை மூடுபனியிலிருந்து வெளியே வருவது என்கிறார்கள். அதுவரை கதையாகச் சொல்லப்பட்டதை முதல்முறை தன் கண்ணால் பார்ப்பது. தன்னைப் போன்ற முகத்தை வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் மடியில் பார்க்கிறாள். ஜாடை!

கூடுமிடம்

சரி, இந்தக் காயம் எங்கே ஆறுகிறது? மனநல ஆலோசகர் உதவுவார், அதிலும் தத்தைப் பற்றிப் பயிற்சி பெற்றவர், தானே தத்துப் போனவர் என்றால் இன்னும் நல்லது. முதல் மூன்று சந்திப்புகளை விளக்கம் சொல்லியே கழிக்க வேண்டியதில்லை. ஆனால் பலரும் சொல்வது, தன்னைப் போன்ற இன்னொருவரைச் சந்தித்த நாளைத்தான்.

கொரியாவிலிருந்து சுவீடனுக்குப் போனவர்கள் 1986இலேயே ஒரு சங்கம் அமைத்தார்கள். 1999இல் வாஷிங்டனில் முதல் பெரிய கூடல் நடந்தது, 400 பேர் அளவில் வந்தார்கள். அறை முழுக்கக் கொரிய முகங்கள், பேச்சு மட்டும் டெக்சஸ், மின்னசோட்டா, விஸ்கான்சின் வழக்கில். நீ எங்கிருந்து வருகிறாய், இல்லை, உண்மையில் எங்கிருந்து என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. தன் கதையைத் தொடங்கினால் முடிக்கும் முன்பே எதிரே இருப்பவர் தலையாட்டிவிடுவார். ஆறுதல் என்பது பெரும்பாலும் இதுதான், விளக்கம் சொல்லத் தேவையில்லாமல் இருப்பது.

கூடியதும் வேலையும் நடந்தது. தென்கொரியத் தலைநகர் சியோலில் தத்துப் போனவர்களே 1998இல் ஓர் அமைப்பு தொடங்கி அரசிடம் போராடினார்கள். அடுத்த ஆண்டு, வெளிநாட்டுக் கொரியர்களுக்கான விசா அவர்களுக்கும் கிடைத்தது. 2011 முதல் இரட்டைக் குடியுரிமையும் பெற முடிகிறது. உறவைத் தேடுபவர்களுக்கு மொழிபெயர்க்கவும், டிஎன்ஏ மாதிரி கொடுக்கவும் துணை நிற்கிறார்கள். அமெரிக்காவில் இன்னொரு போராட்டம் இன்னும் முடியாமல் கிடக்கிறது. தத்து வந்த பிள்ளைகளுக்குத் தானாகக் குடியுரிமை தரும் சட்டம் 2000இல் வந்தது. ஆனால் அது நடைமுறைக்கு வந்த 2001 பிப்ரவரி 27க்குள் பதினெட்டு வயது நிரம்பியிருந்தவர்களை விட்டுவிட்டது. வளர்த்தவர்கள் காகித வேலையை முடிக்காமல் விட்டதால், கைக்குழந்தையாக வந்தவர்கள் நடுவயதில் மொழி தெரியாத நாட்டுக்கு நாடு கடத்தப்பட்டிருக்கிறார்கள்.

வளர்க்கும் பெற்றோருக்கு இங்கே இடம் இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. வருடத்தில் ஒருநாள் கொரிய உடை போட்டுப் படம் எடுப்பதோடு நிற்காமல், குடியிருக்கும் தெரு, சேர்க்கும் பள்ளி, பல் டாக்டர், வீட்டுக்கு விருந்துக்கு வரும் நண்பர்கள் எல்லாவற்றிலும் பிள்ளையின் முகம் போன்ற முகங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். பிள்ளையின் முன்னிலையில் தாத்தா ஏதாவது இனத்தைக் கேலி செய்தால், அந்த இடத்திலேயே, அவர் முகம் சுருங்கினாலும், நிறுத்தலாம். பெற்ற தாயைப் பற்றிக் கேட்கும்போது தன் வருத்தத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றாமல் இருக்கலாம். இதற்கு அதிகப் பணம் தேவையில்லை. தன் சௌகரியத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

நம் முகத்தோடு வருகிறவர்கள்

நமக்கும் இதற்கும் என்ன என்று தோன்றலாம். இலங்கையிலிருந்து 1970களிலும் 80களிலும் பல ஆயிரம் குழந்தைகள் நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, சுவீடன் முதலிய நாடுகளுக்குப் போனார்கள். பிள்ளையை ஒப்படைக்கும்போது, பெற்ற தாயாக நடிக்கக் கூலிக்குப் பெண்களை நிறுத்தியதும் இலங்கையில் நடந்தது. இருபது, முப்பது வருடம் கழித்துத் தேடி வந்து, அம்மா என்று கட்டிப்பிடித்தவரோடு டிஎன்ஏ பொருந்தாமல் போனவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்து 2021இல், விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு, வெளிநாட்டுத் தத்தை நிறுத்தி வைத்தது. சுவிட்சர்லாந்து அரசு 2020இல் இலங்கைத் தத்துகளில் நடந்த முறைகேடுகளுக்கு வருத்தம் தெரிவித்தது. இந்தியாவில் 1984இலேயே உச்ச நீதிமன்றம் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் வெளிநாட்டுத் தத்துக்கு விதிகள் வகுத்திருந்தது. அப்படியும், சென்னைக் குடிசைப் பகுதிகளில் கடத்தப்பட்ட குழந்தைகள் வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டது 2005இல் வெளிச்சத்துக்கு வந்தது.

அப்படிப் போனவர்கள் இப்போது வளர்ந்து, தேடிக்கொண்டு வருகிறார்கள். சென்னையிலோ கொழும்பிலோ ஆட்டோக்காரர் அவர்களிடம் நேராகத் தமிழிலேயே பேசுவார். முழிப்பார்கள். "தமிழ் தெரியாதா? எந்த ஊரு நீங்க? அப்பா அம்மா சொல்லிக் கொடுக்கலியா?" அங்கே நாற்பது வருடம், உன் சொந்த ஊர் எது என்று கேட்டார்கள். இங்கே, நம் முகத்தை வைத்துக்கொண்டு ஏன் நம்மைப் போல் இல்லை என்று கேட்கிறோம்.

அப்படி ஒருவரைப் பார்க்க நேர்ந்தால், எவ்வளவு அதிர்ஷ்டம் உங்களுக்கு என்று தொடங்க வேண்டாம். பெற்றவளைத் திட்டவும் வேண்டாம், அவள் கதை நமக்குத் தெரியாது. கேட்டால் மட்டும் உதவலாம். பலர் பையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு பழைய காகிதம் வைத்திருப்பார்கள். மங்கிய எழுத்தில் ஒரு பெண் பெயரும் ஒரு ஊர்ப் பெயரும் இருக்கும். அது பொய்க் காகிதமாகவும் இருக்கலாம், அவர்களுக்கும் அது தெரியும். ஆனாலும் அந்த இரண்டு பெயர்களையும் எப்படிச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியாது. வாங்கி, வாய்விட்டு, மெதுவாகப் படித்துக் காட்டுங்கள். இன்னொரு முறை சொல்லச் சொல்வார்கள்.